திருச்சி சீட்டா, புது லைனா? மே 15-க்குள் சொல்ல வேண்டும்

தடா லோக்கல் | மே 2, இரவு 11:20

வணக்கம். இதுவரை படித்துவிட்டுப் போகிறவனாகவே இருந்தேன், இன்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் சத்தியவேடு பக்கம். 1960-ல் எல்லையைத் திருத்தியபோது பொன்னேரி தாலுகாவிலிருந்து ஆந்திராவுக்குப் போன கிராமங்களில் ஒன்று. வீட்டில் தமிழ், ரேஷன் கார்டில் தெலுங்கு. மெக்கானிக்கல் முடித்து ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்து 3 ஆண்டு ஆகிறது. மோல்டிங் (அச்சில் வார்க்கும்) பிரிவில் ஷிஃப்ட் இன்ஜினியர். வயது 25. அப்பா சின்ன வயதில் மாடு மேய்த்த இடத்தில்தான் இப்போது நான் நைட் ஷிஃப்ட் பார்க்கிறேன்.

போன நவம்பரில் கேட் எழுதினேன். (மேலாண்மைக்கான கேட். பொறியியலுக்கான கேட் வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, என்ன செய்வது.) 97 சொச்சம் பெர்சன்டைல். நான்கு இடத்திலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது, இரண்டில் சொதப்பினேன், திருச்சி ஐஐஎம்மில் (இந்திய மேலாண்மைக் கழகம்) இரண்டு ஆண்டுப் படிப்புக்குச் சீட்டு கிடைத்துவிட்டது. ஜூனில் வகுப்பு. முதல் தவணையை மே 15-க்குள் கட்ட வேண்டும்.

வேலையை விடுவதாகச் சொல்லலாம் என்று பிளான்ட் ஹெட் அறைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். இரண்டாவது உற்பத்தி லைன் வருகிறதாம். இயந்திரம் இறக்குவதிலிருந்து உற்பத்தி தொடங்கும் வரை முழுப் பொறுப்பும் எனக்காம். நடுவில் 6 மாதம் ஜப்பானில் பயிற்சி. இப்போது கையில் வருவது 42,000. அது 65,000 ஆகும் என்றார். நான் வந்த விஷயத்தைச் சொல்லாமலே வெளியே வந்துவிட்டேன்.

அம்மாவுக்கு ஐஐஎம் என்றால் என்ன என்று தெரியாது, ஜப்பான் என்றால் தெரியும். அப்பா "நீ இஷ்டம் ரா" என்று தெலுங்கில் முடித்துவிட்டார். அவருக்குக் கோபம் வந்தால்தான் தெலுங்கு வரும். படிப்புக்கு ஆதரவா எதிர்ப்பா என்று இன்னும் புரியவில்லை.

என்ன செய்யலாம்?

---

கஞ்சிக்கோடு காற்று | மே 2, இரவு 11:58

தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? போய்ப் படி.

நான் பாலக்காடு சித்தூர்க்காரன். கஞ்சிக்கோட்டில் ஒரு ஆலையில் 2 ஆண்டு இருந்துவிட்டு கோழிக்கோடு ஐஐஎம்முக்குப் போனேன். அன்று எனக்கும் ஒரு பதவி உயர்வு காட்டினார்கள். உன்னுடையதைப் போல அவ்வளவு அழகாக இல்லை, இருந்தாலும் ஆசை வந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த மாமா ஒருவர், "இந்தக் கம்பெனியில் உனக்கு மேலே இருக்கிறவருக்கு மேலே யார்?" என்று கேட்டார். யோசித்தேன். அந்த நாற்காலியில் இருந்தவர் 22 ஆண்டாக அதிலேயே இருந்தார். அன்றே முடிவு எடுத்துவிட்டேன்.

கேட் மதிப்பெண் அந்த ஆண்டுச் சேர்க்கைக்கு மட்டும்தான். அடுத்த ஆண்டு மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். நைட் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே இரண்டாம் முறை 97 எடுப்பேன் என்று நீயே நம்புகிறாயா? அதுவும் புது லைன் ஓடும் ஆண்டில்?

---

வெயிட்லிஸ்ட் 41 | மே 3, காலை 6:10

அண்ணா, நான் அதே கல்லூரியின் காத்திருப்புப் பட்டியலில் 41. எந்த முடிவானாலும் கொஞ்சம் சீக்கிரம் எடுங்கள். 😊

---

பழைய ஷிஃப்ட் | மே 3, காலை 7:45

கஞ்சிக்கோட்டுக்காரர் சொன்னதில் ஒன்று சரி, ஒன்று தப்பு. கேட் மதிப்பெண் ஒரே ஆண்டுதான் என்பது சரி. ஆனால் உலகத்தில் கேட் மட்டுமா இருக்கிறது? ஜிமேட் என்று இன்னொரு மேலாண்மை நுழைவுத் தேர்வு இருக்கிறது, அதன் மதிப்பெண் 5 ஆண்டு செல்லும். ஹைதராபாத் ஐஎஸ்பி மேலாண்மைப் பள்ளியின் ஓராண்டுப் படிப்புக்கு 24 மாத அனுபவம் போதும். அகமதாபாத் ஐஐஎம்மின் ஓராண்டுப் படிப்புக்கு 4 ஆண்டு கேட்பார்கள், பெங்களூருக்கும் கல்கத்தாவுக்கும் 5. தம்பிக்கு இப்போது 3. இன்னும் 2 ஆண்டு போனால் அவன் கதவு மூடாது, வேறு கதவு திறக்கும்.

இனி என் கதை. கும்மிடிப்பூண்டியில் 9 ஆண்டு, ஸ்ரீசிட்டி வந்து 12 ஆண்டு. மூன்று லைன் தொடங்கி வைத்திருக்கிறேன். ஓடுகிற லைனைப் பார்த்துக்கொள்வதற்கும் லைனைப் பிறப்பிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னால் வெளியாட்களுக்குப் புரியாது. அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டும்போதே நீ அங்கே இருக்கிறாய். இயந்திரம் கப்பலில் வந்து இறங்குகிறது, தரையில் ஒரு மில்லிமீட்டர் சாய்வு இருக்கிறது, யார் செலவில் சரிசெய்வது என்று சண்டை. முதல் ட்ரையலில் நூறு அடித்தால் முப்பது ஸ்க்ராப். மோல்டா, மெட்டீரியலா, வெப்பநிலையா என்று தெரியாமல் மூன்று நாள் தூக்கமில்லை. வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆள் வந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டுகிறான். ஆட்களை எடுக்க வேண்டும். அவர்களுக்குத் தெலுங்கில் சொல்லி, ஒடியாக்காரனுக்கு இந்தியில் சொல்லி, ஜப்பான்காரருக்குப் படம் வரைந்து காட்ட வேண்டும். பட்ஜெட்டும் உன் தலையில். இதையெல்லாம் வகுப்பில் கேஸ் ஸ்டடி என்று அச்சடித்துக் கொடுப்பார்கள். இங்கே அது கையில் கிரீஸோடு வருகிறது.

ஒரு ஆலையில் லைன் தொடங்குவது தினமும் நடக்கிற விஷயமில்லை. எத்தனையோ நல்ல இன்ஜினியர்கள் ஒரு தடவைகூடப் பார்க்காமலே ஓய்வு பெறுகிறார்கள்.

ஆனால் தம்பி, சந்தோஷப்படுவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேள். இயந்திரத்துக்குப் பர்ச்சேஸ் ஆர்டர் போட்டாயிற்றா? மோல்டு செய்ய வாடிக்கையாளர் பணம் கொடுத்துவிட்டாரா? இரண்டும் இல்லையென்றால் உனக்குக் கொடுத்தது லைன் இல்லை, லைனைப் பற்றிய ஒரு பேச்சு. நம் தொழிலில் கார் கம்பெனி தன் மாடலை ஒரு ஆண்டு தள்ளிவைத்தால் நம் லைனும் அதோடு படுத்துவிடும். நீ திருச்சியையும் விட்டுவிட்டு, பழைய ஷிஃப்டிலேயே கையைக் கட்டிக்கொண்டு நிற்பாய்.

---

எச்ஆர் அக்கா | மே 3, காலை 9:30

பழைய ஷிஃப்ட் அண்ணன் கேட்டதோடு என் கேள்வியும் ஒன்று. இதில் எதையாவது எழுத்தில் கொடுத்தார்களா?

நான் ஆட்களை எடுக்கும் பக்கம் இருப்பவள். "முழுப் பொறுப்பும் உனக்கு" என்பதை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன், பாதி தடவை நானே சொல்லியிருக்கிறேன். பொய் என்று அர்த்தமில்லை, சொல்லும்போது உண்மைதான். மூன்று மாதத்தில் மேலே ஆள் மாறும், சென்னை ஆபீஸிலிருந்து யாரையோ அனுப்புவார்கள், பொறுப்பு "சப்போர்ட்" ஆகிவிடும். பதவியின் பெயர், சம்பளம், எந்தத் தேதியிலிருந்து, யாருக்குக் கீழே, ஜப்பான் பயிற்சிக்கு என்ன நிபந்தனை. இந்த ஐந்தும் கடிதத்தில் வராமல் திருச்சிக்கு "இல்லை" என்று மெயில் போடாதே.

ஜப்பான் அனுப்பினால் பாண்ட் கேட்பார்கள், அதாவது இத்தனை ஆண்டு விலக மாட்டேன், விலகினால் பணம் கட்டுவேன் என்ற ஒப்பந்தம். முதலில் அதைக் கேள்.

---

நகரி நெசவு | மே 3, மதியம் 1:15

இரவு ஷிஃப்டும் பர்ச்சேஸ் ஆர்டரும் எனக்குத் தெரியாது. சீட்டை விட்ட கதை தெரியும்.

நாங்கள் நகரி. வீட்டில் பவர்லூம். தறிச் சத்தம் இல்லாவிட்டால் எங்களுக்குத் தூக்கம் வராது. 2013-ல் எனக்குக் கோழிக்கோடு ஐஐஎம் கிடைத்தது. அந்த ஆண்டு அங்கே சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள் என்று பத்திரிகைகளெல்லாம் எழுதின. அந்தப் பாதியில் நானும் ஒருத்தியாக இருந்திருக்க வேண்டும். அந்த மே மாதத்தில் அப்பாவுக்கு நூல் கடன் கழுத்துவரை. நான் வேலை பார்த்த சென்னைக் கம்பெனியில் டீம் லீட் ஆக்குகிறேன் என்றார்கள். "ஒரே ஒரு வருஷம்மா, கடனை முடித்துவிட்டுப் போ" என்றார் அப்பா. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த ஒரு வருஷம் 8 வருஷம் ஆனது. மறு ஆண்டு தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டு எழுதவே போகவில்லை, அன்று ஆபீஸில் ரிலீஸ். அப்புறம் கல்யாணம். அப்புறம் குழந்தை. 2021-ல் வேலையில் இருந்துகொண்டே வார இறுதிப் படிப்பில் சேர்ந்தேன். சனிக்கிழமை வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, நடுவில் மகளுக்கு ஜுரம். முடித்துவிட்டேன். பட்டம் இருக்கிறது. ஆனால் வளாகத்தில் இரண்டு ஆண்டு தங்கிப் படித்தவர்களுக்குக் கிடைக்கிற கூட்டாளிகள், கோடைகால இன்டர்ன்ஷிப், வேலைக்கு எடுக்க வாசலுக்கு வருகிற கம்பெனிகள், இவை வார இறுதியில் வருவதில்லை. அதே வேலை, அதே மேஜை, கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி கூடியிருக்கிறது.

தம்பி ஆம்பளைப் பையன். உனக்கு 28 என்பது சின்ன வயது. எனக்கு 28-ல் யாரும் "இன்னும் படிக்கலாமே" என்று சொல்லவில்லை. அதனால் என் கதையை அப்படியே உன்மேல் போட்டுக்கொள்ளாதே. ஆனால் "அடுத்த வருஷம்" என்று நீ சொல்லும்போது அந்த வருஷத்தில் யார் யாருக்கு என்னென்ன பாக்கி இருக்கிறது என்று ஒரு தடவை எண்ணிப் பார். தங்கை இருக்கிறாளா?

---

தடா லோக்கல் | மே 3, மாலை 5:40

இருக்கிறாள் அக்கா. சூலூர்பேட்டையில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. 😐

---

புத்தூர்க் கணக்கு | மே 3, இரவு 8:20

வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறேன். எல்லோரும் மனதைப் பேசுகிறீர்கள், யாராவது ஒருவர் கணக்கு போட வேண்டாமா?

படிப்புச் செலவு சுமார் 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 9 சதம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை 5 லட்சமாக எடுக்கிறாய். படிப்பு முடிந்து ஒரு ஆண்டு வரை தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டிக் குதிரை நிற்காது. மூன்றாம் ஆண்டு முடிவில் சாதா வட்டியாகப் போட்டாலே 4 லட்சம் சேர்ந்து 24 லட்சமாக நிற்கும். அதை 10 ஆண்டில் கட்டினால் மாதம் சுமார் 30,500.

இதோடு நீ விட்டுப் போகிற சம்பளம். மாதம் 65,000 என்றால் இரண்டு ஆண்டில் 15 லட்சத்து 60 ஆயிரம். ஆக இந்தப் படிப்பு உனக்கு 20 லட்சம் இல்லை, 40 லட்சம் பக்கம்.

இதைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. நல்ல ஐஐஎம் மாணவர்களுக்கு நாங்கள் கடன் கொடுக்கத் தயங்குவதே இல்லை, பெரும்பாலும் அடமானம்கூடக் கேட்பதில்லை. ஏன்? திரும்பி வருகிறது. வட்டிக்கு 8 ஆண்டு வரை வரிக்கழிவும் உண்டு, பழைய வரிமுறையில் இருந்தால் மட்டும். ஆனால் 27 வயதில் 30,500 தவணையோடு வெளியே வருகிறவன் "பிடித்த வேலை" தேட மாட்டான், அதிகச் சம்பளம் தேடுவான். அதையும் கணக்கில் வை.

இன்னொன்று. சாதிச் சான்றிதழ் ஓபிசியா? இப்போது சம்பளம் கூடினால் கிரீமி லேயர் (ஒதுக்கீடு கிடைக்காத வசதிப் பிரிவு) ஆகிவிடுவோமோ என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். அதில் பார்ப்பது பெற்றோர் வருமானத்தைத்தான், உன் சம்பளத்தை இல்லை. பொதுப்பிரிவு ஏழைகளுக்கான 10 சத ஒதுக்கீட்டில்தான் உன் சம்பளமும் குடும்ப வருமானத்தில் சேரும். மத்திய ஓபிசி பட்டியல் மாநில வாரியாக இருக்கிறது. தமிழ்நாட்டுச் சொந்தக்காரனுக்கு இருக்கிற சாதி ஆந்திரப் பட்டியலில் அதே பெயரில் இருக்கும் என்று நினைத்துவிடாதே. எல்லையில் இருக்கிற பிள்ளைகள் இதில் நிறைய அடிபடுகிறார்கள்.

---

தடா லோக்கல் | மே 3, இரவு 8:52

அண்ணா, அந்தப் பட்டியலில் அடிபட்டவன்தான் நான். பொதுப்பிரிவில்தான் எழுதினேன். கணக்குக்கு நன்றி. 40 லட்சம் என்று எழுதிப் பார்க்கவே கை வரவில்லை.

நாளை பிளான்ட் ஹெட்டிடம் கேட்கிறேன்.

---

கஞ்சிக்கோடு காற்று | மே 3, இரவு 10:05

கணக்கு அண்ணன் செலவுப் பக்கத்தை மட்டும் போட்டிருக்கிறார். வரவுப் பக்கம் எங்கே? படித்து வந்தவன் 65,000-க்கா வேலை பார்ப்பான்?

மூன்று ஆண்டு ஆலை அனுபவத்தோடு போகிறவன் வகுப்பில் ராஜா. அனுபவம் உள்ளவர்களுக்குப் பல ஐஐஎம்களில் லேட்டரல் என்று தனியாகவே ஒரு வேலைத் தேர்வு நடக்கும். புதிதாகக் கல்லூரியிலிருந்து வந்தவனுக்குத் திறக்காத கதவு அது. 3 ஆண்டு என்பதுதான் சரியான பதம். அதற்கு மேல் இருந்தால் இரண்டு ஆண்டுப் படிப்பில் 22 வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அசைன்மென்ட் எழுதுவது எரிச்சலாக இருக்கும்.

---

பழைய ஷிஃப்ட் | மே 3, இரவு 10:31

அதற்குத்தானே ஐயா ஓராண்டுப் படிப்பு வைத்திருக்கிறார்கள்? அங்கே உட்காருகிறவர்களில் பலர் முப்பதை ஒட்டியவர்கள். ஒரே ஆண்டுச் சம்பளம்தான் போகும். கட்டணம் கூட என்பது உண்மை, மறைக்கவில்லை.

வரவு கணக்கும் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சராசரியைப் பார்த்துப் போடாதீர்கள். சராசரிச் சம்பளம் என்பது பத்துப் பேர் கோடியில் வாங்கியதை எல்லார் தலையிலும் தடவி விடுவது. மீடியனைப் பாருங்கள், அதாவது வரிசையில் நடுவில் நிற்பவனின் சம்பளத்தை, அதிலும் உற்பத்தித் துறையிலிருந்து வந்தவர்கள் எங்கே போனார்கள் என்று பாருங்கள்.

---

ஓரமாய் ஒருவன் | மே 3, இரவு 11:15

ஸ்ரீசிட்டிக்குள்ளேயே கிரியா பல்கலைக்கழகமும் அதில் ஐஎஃப்எம்ஆர் மேலாண்மைப் பள்ளியும் இருக்கின்றனவே, வேலை முடிந்து அப்படியே நடந்து போய்ப் படித்துவிட்டு வரலாமே?

---

தடா லோக்கல் | மே 3, இரவு 11:22

தினமும் கம்பெனி பஸ்ஸில் போகும்போது நானும் அப்படித்தான் நினைப்பேன் அண்ணா. அதுவும் முழுநேரம் உட்கார்ந்து படிக்கிற படிப்புத்தான்.

---

தடா லோக்கல் | மே 6, இரவு 9:10

கேட்டேன்.

பழைய ஷிஃப்ட் அண்ணனின் இரண்டு கேள்வியையும் அப்படியே கேட்டேன். பிளான்ட் ஹெட் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். "யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார். அப்புறம் சிரித்துவிட்டு ஃபைலை எடுத்துக் காட்டினார். இரண்டு இயந்திரத்துக்கு ஆர்டர் போட்டு முன்பணமும் போயிருக்கிறது. மோல்டு பணத்தில் பாதி வந்துவிட்டது. ஜூலையில் ஜப்பானில் முதல் ட்ரையல், அதற்குத்தான் என்னை அனுப்புகிறார்கள். ஆக லைன் நிஜம்.

எச்ஆர் அக்கா சொன்னதும் நிஜம். கடிதத்தில் பாண்ட் இருக்கிறது. ஜப்பானிலிருந்து திரும்பிய நாள் முதல் 3 ஆண்டு. நடுவில் போனால் 6 லட்சம் கட்ட வேண்டும். ஜனவரியில் திரும்பினால் முடியும்போது எனக்கு 29 ஆகியிருக்கும். 25-ல் பார்க்கும்போது 29 என்பது வேறு ஒரு ஆளின் வயது மாதிரி இருக்கிறது.

திருச்சி சீட்டு கிடைத்ததையும் அவரிடம் சொல்லிவிட்டேன். கோபப்படவில்லை. "எனக்கு அந்த வயதில் அப்படி ஒரு கடிதம் வரவில்லை" என்றார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

---

எச்ஆர் அக்கா | மே 6, இரவு 10:00

பாண்டைப் பற்றித் தெரிந்ததைச் சொல்கிறேன், வக்கீல் இல்லை.

"பாண்ட் எல்லாம் கோர்ட்டில் நிற்காது, கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிவிடலாம்" என்று யாராவது இங்கே வந்து சொல்வார்கள். கேட்காதே. உன்னைக் கட்டாயப்படுத்தி வேலை செய்ய வைக்க முடியாது, அது சரி. ஆனால் உனக்காகச் செலவு செய்ததை நியாயமான அளவில் திருப்பிக் கேட்கலாம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில் இதைத்தான் சொன்னது. 3 ஆண்டுக்கு முன்னால் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பு.

ஆனால் பாண்ட் என்பது கல்வெட்டு இல்லை, பேரம் பேசலாம். மூன்று விஷயம் கேள். ஒன்று, 3 ஆண்டை 2 ஆக்க முடியுமா. இரண்டு, தொகை மாதத்துக்கு மாதம் குறைய வேண்டும். 20 மாதம் இருந்தவனும் 2 மாதம் இருந்தவனும் ஒரே 6 லட்சம் கட்டுவது என்ன நியாயம்? மூன்று, லைன் நின்றுபோனாலோ உன்னை வேறு வேலைக்கு மாற்றினாலோ பாண்ட் தானாகவே முடிய வேண்டும். இந்த மூன்றாவதை யாரும் கேட்பதில்லை, அதுதான் முக்கியம்.

இப்போது அவர்களுக்கு நீ வேண்டும். கையில் திருச்சிக் கடிதம் இருக்கிறது. இதைவிட நல்ல நேரம் உனக்கு வராது.

---

நகரி நெசவு | மே 6, இரவு 10:48

29 வேறு ஆளின் வயது இல்லை தம்பி, கண்ணை மூடித் திறந்தால் வந்துவிடும்.

நான் ஒன்று கேட்கிறேன், மனதில் பதில் சொல்லிக்கொள், இங்கே எழுத வேண்டாம். நீ ஏன் கேட் எழுதினாய்? லைனில் நிற்பது பிடிக்காமல் எழுதினாயா, அல்லது லைன் பிடித்துப் போய், அதற்கு மேலே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள எழுதினாயா? முதலாவது என்றால் பெரிய லைனைக் கொடுத்தாலும் அது நிற்கிற இடம்தான், திருச்சிக்குப் போய்விடு. இரண்டாவது என்றால் நீ தேடிப் போனது உன்னைத் தேடி வந்திருக்கிறது.

நான் 2013-ல் இருந்த வேலை எனக்குப் பிடிக்கவே இல்லை. அதற்காகச் சீட்டை விட்டேன். அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. கடனை அடைத்தது உறுத்தவில்லை.

---

கஞ்சிக்கோடு காற்று | மே 7, காலை 8:15

அக்கா சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் என் ஓட்டு திருச்சிக்குத்தான். பாண்ட் முடிந்ததும் இன்னொரு லைன் வரும், இன்னொரு ஜப்பான் வரும், இன்னொரு பாண்ட் வரும்.

---

புத்தூர்க் கணக்கு | மே 7, காலை 9:40

எந்தப் பக்கம் போனாலும் ஒன்று செய். வேலையில் இருந்தால், கூடுகிற 23,000-ல் 15,000-ஐ முதல் மாதமே தனிக் கணக்கில் போடு. 30 மாதத்தில் 4.5 லட்சம். பின்னால் படிக்கப் போனால் கடன் அவ்வளவு குறையும், போகாவிட்டால் தங்கை கல்யாணத்துக்கு ஆகும். அம்மாவிடம் கொடுக்காதே, நகையாகிவிடும்.

---

தடா லோக்கல் | மே 12, இரவு 10:35

முடிவு எடுத்துவிட்டேன். முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

பாண்ட் 2 ஆண்டாகக் குறைந்தது. தொகை மாதத்துக்கு மாதம் குறையும். லைன் நின்றால் தானாக முடிவது பற்றி, "இதுவரை யாரும் கேட்டதில்லை" என்று எச்ஆரில் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில், இந்த லைன் வேலையிலிருந்து கம்பெனியே என்னை மாற்றினால் பாண்ட் செல்லாது என்று ஒரு வரி சேர்த்தார்கள். எச்ஆர் அக்காவுக்கு எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் சாப்பாடு என் செலவு. சம்பளம் 65 இல்லை, 62. அதில் பேரம் பேசிப் பார்த்தேன், நடக்கவில்லை.

நகரி அக்கா கேட்ட கேள்விக்கு இரண்டு நாள் பதில் தெரியவில்லை. மூன்றாம் நாள் நைட் ஷிஃப்டில் ஒரு மோல்டு சிக்கிக்கொண்டது. விடிகாலை 4 மணிவரை நானும் இரண்டு பையன்களும் அதோடு மல்லுக்கட்டினோம். சரியாகி முதல் பீஸ் சுத்தமாக வந்து விழுந்தபோதுதான் கவனித்தேன், அந்த நாலு மணி நேரமும் திருச்சி நினைவே வரவில்லை. நான் லைனை வெறுத்து எழுதவில்லை அக்கா. இந்த லைன் ஏன் லாபத்தில் ஓடுகிறது, பக்கத்து லைன் ஏன் நஷ்டத்தில் ஓடுகிறது என்று எனக்கு யாரும் சொல்லாததால் எழுதினேன். புது லைனுக்கு அந்தக் கணக்கு என் கைக்கு வரும்.

அதனால் இருக்கிறேன். கஞ்சிக்கோட்டு அண்ணன் திட்டுவார், தெரியும். அடுத்த ஆண்டுக்குள் ஜிமேட் எழுதிவைத்துவிடுவேன். பாண்ட் முடிகிற ஆண்டில் மதிப்பெண் செல்லுபடியாகவே இருக்கும். திருச்சி ஐஐஎம்முக்கே சென்னையில் வேலை பார்ப்பவர்களுக்கு வார இறுதிப் படிப்பு இருக்கிறது என்றும் பார்த்தேன். நகரி அக்கா சொன்னதைப் படித்தபிறகு அதைக் கடைசி வழியாக மட்டும் வைத்திருக்கிறேன்.

அப்பாவிடம் சொன்னேன். "சரி, போ" என்றார். தமிழில்.

---

கஞ்சிக்கோடு காற்று | மே 12, இரவு 11:02

திட்ட மாட்டேன். தப்பு என்றுதான் நினைக்கிறேன், ஆனால் கேள்வி கேட்டு எடுத்த தப்பு. ஜிமேட் தேதியைப் பதிவு செய்துவிட்டு இங்கே வந்து போடு. போடாவிட்டால் மாதம் ஒரு தடவை இந்த இழையைத் தட்டி எழுப்புவேன்.

---

பழைய ஷிஃப்ட் | மே 13, காலை 6:50

ஜப்பான் போகும்போது இங்கே இருக்கிற மெட்டீரியல் மூட்டை ஒன்றைக் கையோடு எடுத்துப் போகச் சொல். அவர்கள் தங்கள் மெட்டீரியலில் ட்ரையல் எடுத்துவிட்டு "எல்லாம் சரி" என்பார்கள், இங்கே வந்து அதே மோல்டு அழும். அப்புறம், தரைச் சாய்வை நீயே அளந்து பார், கான்ட்ராக்டர் கொடுத்த தாளை நம்பாதே.

---

எச்ஆர் அக்கா | மே 13, காலை 9:05

சாப்பாடு வேண்டாம், திருச்சிக்கு மெயிலை இன்றே அனுப்பு. 15-ந் தேதி வரை இழுக்காதே. வரிசையில் ஆள் நிற்கிறது.

---

தடா லோக்கல் | மே 13, மதியம் 12:40

அனுப்பிவிட்டேன்.

---

வெயிட்லிஸ்ட் 41 | மே 16, மாலை 6:25

அண்ணா, இன்று பட்டியல் நகர்ந்தது. நான் 29.